எங்கிருந்து, எங்கே?

சுங்கச்சாவடி பற்றி மனு எழுத வேண்டும் என்று யாராவது வந்து உட்கார்ந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன் தாம்பரத்து மனு எழுத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எங்கிருந்து எங்கே போறீங்க?"

வந்தவர் கொதித்துக்கொண்டிருப்பார். கேள்வி எரிச்சலைத்தான் கிளப்பும். "அது எதுக்கு சார்? அநியாயமா காசு புடுங்குறாங்கன்னு எழுதுங்க" என்பார். இவர் அசைய மாட்டார். "வீட்டு வாசல்லேர்ந்து சொல்லுங்க. எந்தத் தெரு, மெயின் ரோட்டுல எங்க ஏறுறீங்க, எங்க இறங்குறீங்க, நடுவுல டோல்கேட் எத்தனாவது கிலோமீட்டர்ல வருது?" வந்தவருக்குத் தெரிந்திருக்காது. தினமும் போகிற வழிதான். அளந்து பார்த்தவர் யாருமில்லை. "நாளைக்கு வண்டி மீட்டரைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டு வாங்க. அப்புறம் எழுதலாம்" என்று அனுப்பிவிடுவார். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. திரும்பி வருகிற மீதிப் பேரின் மனுக்கள்தான் தன்னுடைய தொழிலில் தனக்குப் பெருமை தருபவை என்கிறார்.

தாம்பரத்தில் மனு எழுதத் தொடங்கி முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வெயிலுக்கு ஒரு பெரிய குடை. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். ரெமிங்டன் மெஷினும் கார்பன் தாளுமாக ஆரம்பித்த தொழில் இப்போது லேப்டாப்புக்கும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் வந்திருக்கிறது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு என்று அன்றாடம் வருபவை ஒரு பக்கம். சாலைக்குக் காசு கேட்பதை எதிர்த்து வருபவை இன்னொரு பக்கம். இரண்டாவது வகைக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார். நீலக் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனுவில் எழுதியவன் பெயர் வருவதில்லை, அந்த வழக்கத்தை இந்த வயதில் மாற்ற வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த நோட்டின் முதல் பக்கம் 2009. பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.), ராஜீவ் காந்தி சாலையாகி, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறு வழியாக விரிந்திருந்த சமயம். பெருங்குடியில் ஒன்று, நாவலூரில் ஒன்று என்று பிரதான சாலையில் சாவடிகள் வந்தன. அதோடு நிற்கவில்லை. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் வருகிற சாலை, மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வருகிற சாலை, அக்கரையிலிருந்து உள்ளே வருகிற சாலை எனப் பக்கவாட்டில் வந்து சேர்கிற வழிகளின் வாயிலும் சாவடி உட்கார்ந்தது. தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு வலித்தது இந்தப் பக்கவாட்டுச் சாவடிகள்தான். கிழக்குத் தாம்பரத்திலிருந்தோ சேலையூரிலிருந்தோ மேடவாக்கம் வழியாகக் கிழக்கே போகிறவருக்கு ஐ.டி. கம்பெனியும் வேண்டாம், ஆறு வழியும் வேண்டாம். சாலையைக் குறுக்கே கடந்தால் போதும். கடக்கிற இடத்துக்கு முன்னாலேயே காசு.

முதலில் வந்தவர் ஒரு கட்டிட மேஸ்திரி. பழைய மாருதி வேனில் சித்தாள்களை ஏற்றிக்கொண்டு போகிறவர். அவர் சொன்னதை அப்படியே, சொன்ன சூட்டோடு இவர் எழுதினார். 'பகல் கொள்ளை', 'ஏழைகளின் வயிற்றில் அடித்தல்', 'வெள்ளைக்காரன் காலத்தில்கூட இல்லாத கொடுமை' எல்லாம் இருந்தன. கூடவே வரலாறும் இருந்தது. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் இருந்ததைச் சொல்லி, மன்னன் செய்ததை மக்களாட்சி செய்யக்கூடாதா என்று ஒரு பத்தி. எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது மேஸ்திரி கண் கலங்கினார். இவருக்கும் திருப்தி.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அரசு ஆணையின்படி கட்டணம் வசூலிக்கப்படுகிறது என்ற தகவல் தெரிவிக்கப்படுகிறது. ஒரே வரி. எந்த அலுவலகம் என்று சொல்ல அவருக்கு இப்போதும் விருப்பமில்லை. குற்றம் அலுவலகத்தின் மீது இல்லை, மனுவில்தான் என்கிறார். அந்த மனுவில் பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு வாக்கியமும் இல்லை. கொள்ளையா இல்லையா என்பதற்கு ஒரு குமாஸ்தா என்ன பதில் எழுத முடியும்? குலோத்துங்கன் பத்தியை யாரிடம் விசாரிப்பார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு மேஸ்திரியின் வீட்டிலிருந்து வேலை நடக்கிற இடம் வரை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மீட்டரைக் குறித்தார். மொத்தப் பயணத்தில் காசு கட்டிய சாலையில் வேனின் சக்கரம் உருண்டது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சாலையோ இருபது கிலோமீட்டர்.

கோபத்துக்குப் பின்னால் இருந்த விஷயம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. நம் நாட்டில் பெரும்பாலான சுங்கச் சாலைகள் திறந்த முறையில் நடப்பவை. ஏறுகிற இடத்தில் சீட்டு வாங்கி இறங்குகிற இடத்தில் ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு கொடுக்கிற மூடிய முறை சில அதிவேகச் சாலைகளில்தான் உண்டு. திறந்த முறையில் சாவடியைக் கடந்தால் மொத்தத் தொகை, கடக்காவிட்டால் ஒன்றுமில்லை. பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சாவடிக்கு முன்னால் இறங்கிவிடுகிறவருக்குச் செலவில்லை. சாவடிக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் இருக்கிறவருக்கு முழுச் செலவு. வெளியூர்க்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை கொடுப்பதை உள்ளூர்க்காரர் தினமும் இரண்டு முறை கொடுக்கிறார். சுங்கத்துக்கு எதிர்ப்பு எப்போதும் உள்ளூரிலிருந்தே கிளம்புவதற்கு இதுதான் காரணம். உள்ளூர்க்காரர்களுக்குப் பொதுநலம் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு மனுவின் உருவமே மாறியது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற தலைப்புகள் பழையபடிதான். ஆனால் 'பொருள்' வரியில் கோபம் போய்த் தூரம் வந்தது. தபால் பிரிக்கிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவு, எந்த சீட் என்று முடிவு செய்வார் என்பது இவருக்குத் தெரியும். அடுத்தது பெறுநர். சாலை யாருடையது என்று தெரியாமல் எழுதப்பட்ட மனு, 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற முத்திரையோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். ஓ.எம்.ஆர். மாநில அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனத்துடையது. தாம்பரம் வழியாகத் தெற்கே போகிற ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகிற 32 கிலோமீட்டர் பைபாஸும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை மறுபடி மாநிலம். முடிச்சூர்க்காரர் ஒருவர் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புவதற்குள் வேறு வேறு சொந்தக்காரர்களின் சாலையில் ஓடியிருப்பார். அவருக்கு எல்லாம் ஒரே தார்தான்.

விதிகளை அவர் வக்கீலிடம் கேட்டுப் படித்தார். 2008 டிசம்பரில் வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் எட்டாவது விதி அவருக்கு மனப்பாடம். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சாவடி வைக்க வேண்டும்; தவிர்க்க முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டு நெருங்கலாம், அப்போதும் 5 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது; ஒரே சாலையில் ஒரே திசையில் அடுத்த சாவடி 60 கிலோமீட்டருக்குள் கூடாது. இதை வாசித்துக் காட்டினால் மனுதாரர் முகம் மலர்ந்துவிடும். உடனே அவர் அடுத்த பத்தியையும் வாசிப்பார். நகர எல்லைக்குள், அந்த நகரத்து மக்களே முக்கியமாகப் பயன்படுத்துவதற்கென்று கட்டப்பட்ட பாலம், பைபாஸ், சுரங்கம் ஆகியவற்றுக்கு எல்லைக்குள்ளேயே சாவடி வைக்கலாம். முதல் பத்தி கொடுப்பதை இரண்டாவது பத்தி திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஊருக்குள் பைபாஸோ சுரங்கமோ வரப்போகிறது என்று செய்தி வந்ததும் உள்ளூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு அழகாக இருக்கும் என்பதல்ல என்கிறார். பழைய வழி காசில்லாமல் இருக்குமா? இருந்தால் எந்த நிலையில் இருக்கும்?

இந்தச் சந்தேகம் தாம்பரத்துக்கு மட்டும் உரியதல்ல. அவரிடம் வழக்கமாக மனு எழுதி வாங்குகிற சேலையூர்ப் பெரியவர் ஒருவரின் மகன் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். தமிழர்கள் நிறைந்த பகுதி. நியூஹாம் என்ற நகராட்சியைச் சேர்ந்தது. 2025 ஏப்ரல் 7ஆம் தேதி அங்கே தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சில்வர்டவுன் சுரங்கம் திறக்கப்பட்டது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், இரட்டைக் குழாய். நெரிசல் நேரத்தில் காருக்கு 4 பவுண்டு, மற்ற நேரத்தில் ஒன்றரை பவுண்டு. உள்ளூர்வாசிகளும் சுற்றுச்சூழல் குழுக்களும் பல வருடங்கள் எதிர்த்தார்கள். நியூஹாம் நகராட்சியே எதிர்த்தது. சுரங்கத்தின் வாய் இருக்கிற பகுதியில் லாரிப் புகை கூடும் என்பது ஒரு வாதம். இன்னொன்றுதான் தாம்பரத்து மேசைக்கு நெருக்கமானது. பக்கத்திலேயே 1897இல் திறந்த பிளாக்வால் சுரங்கம் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வருடங்களாகக் காசில்லாமல் ஆற்றைக் கடந்த வழி. புதியது திறந்த அதே நாளில் பழையதற்கும் கட்டணம் வந்துவிட்டது. பழையதை இலவசமாக விட்டால் எல்லாரும் அதில்தான் போவார்கள், நெரிசல் தீராது என்பது அரசு சொன்ன காரணம். அதிலும் நியாயம் இருக்கிறது. வருமானம் குறைந்த உள்ளூர்வாசிகளுக்குப் பாதிக் கட்டணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "அந்தப் பாதியாவது அங்க கேட்டு வாங்கியிருக்காங்க பாருங்க. கேட்டாத்தான் வரும்" என்று ஒரு செய்தித்தாள் பிரிண்டை எடுத்துக் காட்டுகிறார்.

பெங்களூரில் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பதினாறரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுங்கச் சுரங்கச் சாலை என்று திட்டம் வந்து, லால்பாக் பூங்காவுக்கு என்ன ஆகும் என்று ஊரே கேட்டதையும் அவர் கவனித்து வைத்திருக்கிறார். நாளை அடையாற்றின் அடியிலோ ஜி.எஸ்.டி. சாலையின் அடியிலோ இப்படி ஒன்று வந்தால் என்ன எழுதுவது என்பதற்கு முன்தயாரிப்பு அது. ஆற்றுக்கு அடியில் துளைப்பது நமக்குப் புதிதில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக அடையாற்றின் கீழே ஏற்கெனவே துளைத்தாகிவிட்டது. ரயிலுக்கு டிக்கெட் வாங்குவதை யாரும் எதிர்க்கவில்லை. ரயில் வருவதற்கு முன் அந்த வழியில் யாரும் நடந்ததில்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற பரனூர் சாவடிக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து தெற்கே போகிற எல்லாருக்கும் பரனூர்தான் வாசல். நோட்டில் அதிகப் பக்கங்கள் பிடித்திருப்பதும் அதுதான். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு ஒரு புதுச் சங்கடம் சேர்ந்தது. அதுவரை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் காஞ்சிபுரம் போன மனுதாரர்கள் இப்போது செங்கல்பட்டு போக வேண்டும். வாடகைக் காரில் போனால் நடுவில் பரனூர். மனுதாரர்களை அவர் மின்சார ரயிலில்தான் அனுப்புவார். சுங்கத்தை எதிர்த்து மனு கொடுக்கப் போகிறவர் சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டாம் என்று அவருக்குத் தோன்றுகிறது.

2020 ஜனவரி 26 அதிகாலையில் பரனூரில் அரசு பஸ் ஊழியருக்கும் சாவடி ஊழியர்களுக்கும் தகராறு வந்து, பயணிகள் சேர்ந்து பூத்துகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த வாரம் அவர் மேசைக்குக் கூட்டம். எல்லாரும் அதைப் பற்றியே உற்சாகமாகப் பேசினார்கள். அவருக்கு அதில் உடன்பாடில்லை. பூத்துக்குள் இருக்கிற பையன் பக்கத்துக் கிராமத்துக்காரன், மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவன். கட்டணத்தை நிர்ணயித்தவன் அவனில்லை. அதைவிட, உடைந்த கண்ணாடிக்கு மதிப்பீடு போட்டுக் கோப்பு ஒன்று உருவாகும். உடைத்தவர்களின் குறைக்கு எந்தக் கோப்பிலும் இடமிருக்காது.

பரனூரில் 10 கிலோமீட்டர் விதியைக் காட்டி எழுதிய மனுக்களில் ஒரு சிக்கல் இருந்தது. செங்கல்பட்டு ஒரு பக்கம், மறைமலை நகர் ஒரு பக்கம், இரண்டுமே நகராட்சி. தூரக் கணக்கு மனுதாரர் பக்கம்தான். ஆனால் பரனூர் சாவடி 2008 விதிகளுக்கு முன்பே வந்துவிட்டது. பின்னால் வந்த விதியை முன்னால் வந்த சாவடிக்குப் பொருத்தலாமா என்ற இடத்தில் மனு முட்டி நிற்கும். எனவே விதியோடு நிறுத்தாமல் நடந்ததையும் எழுதச் சொன்னார். 2021இல் மாநில நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் எ.வ. வேலு சட்டமன்றத்தில் பரனூர், வானகரம், சூரப்பட்டு, நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய ஐந்து சாவடிகளை மூட ஒன்றிய அரசை வலியுறுத்துவதாகச் சொன்னது ஒரு பார்வை எண். 2022 மார்ச்சில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி, 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி இருந்தால் ஒன்று மூன்று மாதத்தில் மூடப்படும் என்று மக்களவையில் சொன்னது இன்னொன்று. 2023இல் வெளிவந்த சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை மூன்றாவது. தென்மாநிலச் சாவடிகளை ஆராய்ந்த அந்த அறிக்கையில், பரனூரைக் கடந்த வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை கட்டணமில்லாத பட்டியலில் காட்டப்பட்டிருந்தது வெளியே வந்தது. தினமும் ஃபாஸ்டேக்கில் காசு கழிகிற கூடுவாஞ்சேரிக்காரருக்கு அதைப் படித்துச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவேயில்லை.

வெள்ளம் வந்தபோது வசூலை நிறுத்த முடிந்தது என்பதையும் மறக்காமல் சேர்ப்பார். 2015 டிசம்பரில் அடையாறு கரையை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது சென்னையைச் சுற்றிய தேசிய நெடுஞ்சாலைகளில் சில நாள் வசூல் நிறுத்தப்பட்டது. அடுத்த நவம்பரில் பழைய ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது நாடு முழுக்க மூன்று வாரத்துக்கு மேல் வசூல் இல்லை. கொரோனா ஊரடங்கில் மறுபடி. நிறுத்தினால் நெடுஞ்சாலை நின்றுவிடும் என்கிற வாதத்துக்கு இந்த மூன்று தேதிகள் பதில். நிரந்தரமாக நிறுத்தலாம் என்பதற்கு அவை ஆதாரமாகாது என்பதும் அவருக்குத் தெரியும். சாலைக்குச் செலவாகிறது. யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். 'சுங்கமே கூடாது' என்று எழுதச் சொல்கிறவர்களுக்கும் எழுதித் தருகிறார். அதற்கு வலு குறைவு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

எந்த மனுவுக்குத்தான் வலு? அதற்கு அவர் மேசை டிராயரில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தீர்ப்பின் நகல் இருக்கிறது. டில்லியையும் நொய்டாவையும் யமுனை ஆற்றின் மீது இணைக்கிற டி.என்.டி. பாலச் சாலை. 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 2001இல் திறந்தது. நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 அக்டோபர் 26 அன்று நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுத்தியது சரிதான் என்றது. இன்றைக்கும் அந்த ஆற்றைக் காசில்லாமல் கடக்கிறார்கள்.

அந்த வழக்கில் ஜெயித்தது கணக்கு. ஒப்பந்தத்தின்படி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் லாபம் கிடைத்தாக வேண்டும். ஒரு வருடம் அது கிடைக்காவிட்டால் குறைந்த தொகை திட்டச் செலவோடு சேரும். அடுத்த வருடம் கூடிப்போன செலவின் மீது 20 சதவீதம். ஆக, வண்டிகள் காசு கொடுக்கக் கொடுக்கப் பாக்கி ஏறிக்கொண்டே போகும். கடன் தீருகிற நாள் என்று ஒன்று வரவே வராது. "கந்து வட்டிக்கு வாங்கினவனுக்கு இது சட்டுனு புரியும்" என்கிறார். மேஸ்திரி, பால்காரர், லோடு வண்டிக்காரர், யாரிடம் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொள்கிறார்கள். அதனால் சுங்க மனு எழுத வருகிறவர்களுக்கு மனுவுக்கு முன் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுத் தருகிறார். பத்து ரூபாய் கட்டணம். கேள்விகள் நான்கே: சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு, ஒப்பந்தம் முடிகிற தேதி என்ன, ஒப்பந்த நகல் எங்கே பார்க்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். சில சமயம் வருகிறது. வந்தால் மனுவின் இணைப்பாகப் போகிறது.

2021 ஆகஸ்ட் 30 அன்று, மெட்ரோ பணி நடப்பதைக் காரணமாகச் சொல்லி, நோட்டின் முதல் பக்கத்து ஓ.எம்.ஆரில் நாவலூர் தவிர மற்ற நான்கு சாவடிகளிலும் வசூல் நின்றது. பக்கவாட்டுச் சாவடிகளும் அதில் போயின. 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவிப்பால் நாவலூரும் நின்றது. அந்த நான்கு நின்ற வாரம், பழைய மேஸ்திரி இனிப்புப் பெட்டியோடு வந்தார். "நம்ம மனுவாலதான் சார்" என்றார். பன்னிரண்டு வருடம், எத்தனையோ நலச் சங்கங்கள், எத்தனையோ ஆர்ப்பாட்டங்கள், மெட்ரோவின் தூண்கள். தன் மனு அதில் எத்தனையாவது கல் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் மேஸ்திரியை அவர் மறுத்துப் பேசவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு மனுவின் நகலைப் பத்திரமாக வைத்திருந்த மனிதரிடம் அப்படிப் பேச மனம் வரவில்லை.

போன மாதம் வந்தவர் ஒரு லோடு வண்டிக்காரத் தம்பி. ஊரப்பாக்கத்தில் வீடு. சின்ன யானை என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சிறிய நாலு சக்கர வண்டியில் காய்கறியும் வீட்டுச் சாமானும் ஏற்றி இறக்குகிறவர். செங்கல்பட்டுக்கு வாரத்தில் நாலைந்து நடை.

"ஐயா, கார் வச்சிருக்கிறவங்களுக்கு மாசப் பாஸ் இருக்கு. இப்ப வருசப் பாஸும் குடுத்துட்டாங்க. எனக்கு எதுவும் இல்லையாமே?"

தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கான மாதப் பாஸ் சொந்த உபயோக வாகனத்துக்கு மட்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடப் பாஸ், 200 நடைக்கு. அதுவும் வாடகைக்கு ஓடாத கார், ஜீப், வேனுக்குத்தான். சரக்கு வண்டிக்கு அந்த மாவட்டப் பதிவாக இருந்தால் கட்டணத்தில் பாதிச் சலுகை என்று விதியில் ஓரிடம் இருக்கிறது. அதையும் பக்கத்தில் சர்வீஸ் சாலையோ மாற்று வழியோ இருந்தால் கேட்க முடியாது. பொழுதுபோக்காகச் செங்கல்பட்டு போகிற காருக்குச் சலுகை. பிழைப்புக்காகப் போகிற வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த இடத்தில் அவர் குரல் உயர்ந்துவிடுகிறது. மூன்று தலைமுறையாக ஜி.எஸ்.டி. சாலையோரம் குடியிருக்கிற குடும்பத்துப் பையன், தன் தாத்தா மாட்டுவண்டி ஓட்டிய சாலையில் வியாபார வாகனம் என்ற ஒரு வார்த்தையால் வெளியூர்க்காரனாகிவிடுகிறான். அந்தச் சொல்லை மாற்ற ஒரு மனு போதாது, பத்து மனு போதாது. எழுதாமல் இருக்கவும் முடியாது.

"எங்கிருந்து எங்கே போறீங்க தம்பி?"

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்ரோல் பில்லை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. வீடு, ஊரப்பாக்கம் ஏரித் திருப்பம், ஜி.எஸ்.டி. ஏறுகிற இடம், சிங்கப்பெருமாள்கோயில் மேம்பாலம், டோல், மார்க்கெட். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீட்டர், ஒரு புள்ளி வைத்து மீட்டரும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். பழைய மேஸ்திரி தன் மாமனார் என்றார் தம்பி.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். பெறுநர் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர். நகல் மாவட்ட ஆட்சியருக்கு. பொருள் வரியை மூன்று முறை அழித்து எழுதினார். சர்வீஸ் சாலை எங்கே ஆரம்பித்து எங்கே அறுந்துபோகிறது என்பதைத் தனிப் பத்தியாக்கினார். வண்டியின் பதிவுச் சான்று நகல், ஒரு மாத ஃபாஸ்டேக் கணக்கு, பெட்ரோல் பில்லின் பின்பக்க ஜெராக்ஸ் என்று மூன்று இணைப்பு. சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டினார். "இதுல கோவமே இல்லையே ஐயா" என்றார் தம்பி. "நம்பர்ல இருக்கு தம்பி" என்றார் அவர்.

கையெழுத்து வாங்கித் தபாலாபீஸுக்கு அனுப்பினார். முன்பெல்லாம் பதிவுத் தபாலில் அக்னாலட்ஜ்மென்ட் அட்டை வைத்து அனுப்பச் சொல்வார். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தம்பி ரசீதோடு திரும்பி வந்தார். அவர் நீல நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, ரசீதின் எண்ணை எழுதி, ஓரத்தில் பசை தடவி ஒட்டினார். ஊரப்பாக்கம் முதல் செங்கல்பட்டு மார்க்கெட் வரை என்று அதன் கீழே எழுதினார். அதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டா மாறுதலாம். சர்வே எண் கேட்டார்.